கவர்னர் நகர மறுக்கிறார்

14 ஜூலை 1957, ஞாயிறு

தியாகு கால் உடைந்து படுத்து இன்றோடு ஐந்து நாள். குதிரை தூக்கிப் போட்டுவிட்டது என்று பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பரணில் புல்லுக்கட்டு எடுக்கப்போய் ஏணியிலிருந்து விழுந்தவர் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. குதிரைக்காரர் ஏணியிலிருந்து விழுந்தார் என்றால் இந்தக் கஜா பெராங் ஊரே சிரிக்கும். கட்டிய புருஷன், போகட்டும்.

மாவுக்கட்டுப் பிரிக்க இரண்டு மாதமாகுமாம். முதலாளி பொன்னுதுரை ஐயா வந்தார். நில ஆபீஸில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்களிடம் நான்கு குதிரைகள் வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் அவற்றில் ஆட்களை ஏற்றி, கம்போங் செட்டி வழியாகப் புக்கிட் பாரு வரை கூட்டிப்போய் வருவதுதான் தொழில். கூட்டிப்போக ஆளில்லையென்றால் சிங்கப்பூரிலிருந்து ஒருவனை வரவழைக்க வேண்டும், வருகிறவனுக்கு லாயத்துக்குப் பின்னால் இருக்கும் அறை வேண்டும் என்றார். அந்த அறையில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. எஸ்டேட்டில் அப்பாவின் வண்டிக் காளைகளைப் பிடித்து வளர்ந்தவள் நான். குதிரை என்ன, கொம்பில்லாத மாடுதானே? ஆகஸ்ட் முடியும்வரை பார்ப்போம் என்றார் ஐயா. தியாகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

17 ஜூலை, புதன்

மூன்று குதிரைகள் தங்கம். நான்காவது கவர்னர் – எந்த வெள்ளைக்காரன் வைத்த பெயரோ. புக்கிட் பாரு போகும் வழியில் பலகைப் பாலம் வரை வந்தது. நின்றது. அவ்வளவுதான்.

21 ஜூலை, ஞாயிறு

மானம் போனது.

பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சர் கவர்னர் மேல் இருந்தார். பாலத்துக்கு முன்னால் நின்றது நின்றதுதான். டீச்சர் காலால் உதைக்கிறார், கையால் கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கிறார். நான் முன்னால் நின்று, முகத்துக்கு நேரே பார்த்துக் கயிற்றை இழுக்கிறேன். காளையென்றால் இதற்குள் வந்திருக்கும். அது பின்னால் சாய்ந்துகொண்டு மூக்கை வானத்துக்குத் தூக்கிவிட்டது. அரை மணி நேரம்! கடைசியில் டீச்சர் இறங்கி நடந்தார். லாயத்துப் பக்கம் திருப்பியதும் கவர்னருக்கு வந்ததே ஒரு சுறுசுறுப்பு.

ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி வெள்ளைக்காரன் கொடியை இறக்கினால்தான் கவர்னர் கிளம்புவார் என்று காப்பிக்கடை மருதமுத்து சொல்ல, கடையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

என்ன செய்யலாம் என்று தியாகுவிடம் கேட்டேன். பழகினால் வரும் என்றார். இவர் வாயிலிருந்து ஒரு யோசனையை வாங்குவதற்குள் கவர்னரே நகர்ந்துவிடும்.

24 ஜூலை, புதன்

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பாலத்தடி மரத்தில் முனியாண்டி இருக்கிறார். அவரே குதிரையில் போகிறவர். அவரைக் கும்பிடாமல் இன்னொரு குதிரை எப்படித் தாண்டும்?

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? தேங்காய் உடைத்து, வாராவாரம் உடைக்கிறேன் என்று வேண்டிக் கும்பிட்டேன். பிரசாதமாகக் கவர்னருக்கும் ஒரு சில்லு கொடுத்தேன். மென்றது. பாலத்தைத் தாண்டியது!

28 ஜூலை, ஞாயிறு

நின்றது, உடைத்தேன், கொடுத்தேன், போனது. முனியாண்டி கைவிடவில்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

கவர்னருக்குப் பக்தி முற்றிவிட்டது.

பாலத்தில் நின்றது. சரி. கம்போங் செட்டிக் கோயில் வாசலில் நின்றது. மஞ்சள் துணி கட்டிய மரத்தடியில் நின்றது. தேங்காய் விற்கிறவனின் தள்ளுவண்டி முன்னால் நின்றது – அங்கே என்ன சாமி? இதைப் பார்த்து மற்ற மூன்றும் படித்துக்கொண்டன. நான்கு குதிரைகளும் வரிசையாக நின்று, தேங்காய்ச் சில்லு இருக்கும் என் மடியைப் பார்க்கின்றன. கோயில் வாசலில் இருந்த பெரியவர், குதிரைகளுக்கு ஏதாவது நேர்த்திக்கடனா என்று மலாயில் கேட்டார்; அங்கே நம்மவர்களும் மலாய்தான் பேசுவார்கள். ஒன்றரை மணி நேரச் சவாரி மூன்று மணி நேரமானது. துணிக்கடைச் சீனர் மகள் வெயிலில் சிவந்துபோனாள்.

5 ஆகஸ்ட், திங்கள்

ஐயாவுக்குச் சேதி போய்விட்டது. செப்டம்பர் முதல் தேதி அவரே கவர்னர் மேல் ஏறி வரப்போகிறாராம். "பாலத்தைத் தாண்டாட்டி, பிள்ளை, நான் சிங்கப்பூருக்குக் கடிதம் போடத்தான் வேணும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

தியாகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் ஆடுகிற அளவு சிரித்தார். "நின்னதுக்குல்ல கூலி குடுத்திருக்க, கோகிலா. அது நிக்காம என்ன செய்யும்?"

தெரிஞ்சவர் முன்னாடியே சொல்லக் கூடாதா? மூணு வாரமா நான் நடுரோட்டுல நிக்கிறேன், இவருக்குச் சிரிப்பு! தட்டை நங்கென்று வைத்துவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "நீயே நல்லாச் செஞ்சிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை. இந்த மனுஷனை என்ன செய்வது?

11 ஆகஸ்ட், ஞாயிறு

கவர்னர் பாலத்தில் நின்றது. தேங்காய் கிடையாது. மேலே யாரும் இல்லை, நல்லவேளை. இழுத்தேன், கெஞ்சினேன், திட்டினேன். கடைசியில், நில்லு, நின்னே சாவு என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். கயிறு கையில் இருப்பது ஞாபகமே இல்லை.

பின்னால் பலகையில் குளம்புச் சத்தம்.

நின்று திரும்பிப் பார்த்தேன். அதுவும் நின்றது. மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். வந்தது. பார்த்தால் நிற்கிறது, பார்க்காவிட்டால் வருகிறது. அப்படியென்றால் இத்தனை நாளும் வழியை மறித்துக்கொண்டு வா வா என்றவள் நான்தான்!

12 ஆகஸ்ட், திங்கள்

தியாகுவிடம் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. தலைக்கு முன்னால் நிற்காதே, தோளுக்குப் பக்கத்தில் நட, போகிற இடத்தைப் பார் என்றார். ஓரடி வைத்தால்கூடக் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டுமாம். அதுதான் அதற்குக் கூலி. ஏறுகிறவர்கள் உதைத்துக்கொண்டே கடிவாளத்தைப் பிடித்தால் போ என்பதா, நில் என்பதா? கேட்காமலே எல்லாம் சொன்னார். மாவுக்கட்டுக் காலைத் தட்டித் தட்டிப் பேசினார்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

முனியாண்டியிடம்தான் சங்கடம். வாராவாரம் தேங்காய் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேனே. விடியற்காலையில் தனியாக நடந்துபோய் உடைத்துவிட்டு வந்தேன். காரணத்தையும் சொன்னேன். புரிந்துகொள்வார், குதிரை வைத்திருப்பவர்தானே.

சவாரியில் கவர்னர் இரண்டு இடத்தில் மட்டும் நின்றது.

25 ஆகஸ்ட், ஞாயிறு

ஒரு இடம். தள்ளுவண்டி.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா, சுதந்திர நாள். ஊரெல்லாம் கொடி. அஞ்சலை அக்கா குடும்பத்தோடு பாடாங் திடலுக்குப் போனார். நான் கவர்னரோடு பாலத்தை ஏழு தடவை தாண்டினேன். நாளை என்ன ஆகுமோ.

1 செப்டம்பர், ஞாயிறு

ஐயா தொப்பி, பூட்ஸ் சகிதம் வந்து ஏறினார். கம்போங் செட்டி வரை ராஜ நடை. பாலம் வந்தது. தாண்டாதோ என்ற பயத்தில் ஐயா கடிவாளத்தை நெஞ்சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு குதிகாலால் உதைத்தார். கவர்னர் நின்றது. மூக்கு வானத்தில்.

சம்பளம் கொடுக்கிறவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அறை போகும், சொன்னாலும் போகலாம். "ஐயா, குதிரை போகத்தான் பாக்குது. நீங்கதான் புடிச்சி வச்சிருக்கீங்க. கைய விடுங்க" என்றேன்.

முகம் கறுத்தது. ஆபீஸில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கவர்னரின் தோளோடு ஓரடி எடுத்து வைத்தேன். ஐயா கையைத் தளர்த்தினாரா இல்லையா, பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

பலகையில் நான்கு குளம்பும் கேட்டன.

புக்கிட் பாரு வரை போய்த் திரும்பினோம். இறங்கும்போது ஐயா, சிங்கப்பூருக்குக் கடிதம் தேவையில்லை என்றார்.

15 செப்டம்பர், ஞாயிறு

வியாழனன்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இன்று காலை ஐயா வந்து, இனி ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு யார் போவது என்று தியாகுவிடம் கேட்டார். நான் சேணவாரை ஒன்றுக்கு இரண்டு தடவை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

தியாகு கவர்னரின் குளம்பைத் தூக்கிப் பார்த்தபடியே சொன்னார்: "அவளே போகட்டும் ஐயா. நான் லாயத்தப் பாத்துக்குறேன்."

நான்கு குதிரைகளும் போய்த் திரும்பின. வீட்டுக்கு வந்தால் அவர் சோறு ஆக்கி வைத்திருந்தார். குழைந்து கூழாகியிருந்தது. இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.