யாருக்கும் வேண்டாத படகுச் சவாரி

மே 14, செவ்வாய்

பிரிஸ்டலிலிருந்து மகள் ஹேசல் மறுபடி கூப்பிட்டாள். வீட்டை விற்றுவிட்டு அவளோடு போய் இருக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். பெற்ற மகள் ஆசையாகத்தான் கூப்பிடுகிறாள். எனக்கு ஏன் சரி என்று சொல்ல வாய் வரவில்லை?

பக்கத்து வீட்டு ராய் ஹெப்வொர்த்திடம் வேண்டுமென்றேதான் சொல்லிப் பார்த்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் ஒரு காலுறையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு, "மக கூட இருக்கிறது நல்லதுதானே, மிஸஸ் சக்டன். உங்களுக்கும் சந்தோஷமா இருக்கும்" என்றார்.

"ஆமாமா" என்றேன்.

அவர் மனைவியை இழந்தவர், நான் கணவரை. ஒன்பது வருடமாக மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசியிருக்கிறோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வருமா? கல்லுளிமங்கன்!

மே 15

காலையில் கதவைத் தட்டினார். நாளை விட்பிக்கு ஒருநாள் பஸ் பயணமாம், ஓர் இடம் மிச்சமாம். "நீங்க ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி கடலைப் பாத்துட்டு வரலாமேன்னு…"

வழியனுப்பு விழாவா இது? சரி, போகிறேன். நாளை மனிதர் வாயைத் திறந்தால் உண்டு. இல்லையென்றால் பிரிஸ்டல்தான்.

மே 16, வியாழன்

துறைமுகத்தில் இறங்கியதும் படகுச் சவாரிக்கு ஒரு வரிசை. வரிசையைக் கண்டால் நம் ஜனங்களுக்குக் கால் நிற்காது. நாங்களும் போய் நின்றோம்.

"உங்களுக்கு இஷ்டம்னா போகலாம்" என்றார் ராய்.

"உங்களுக்கு இஷ்டம்னா எனக்கும் சரிதான்" என்றேன்.

எனக்கு ஊஞ்சலைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் மனிதர் ஆசைப்படுகிறாரே, கெடுப்பானேன்?

அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் படகு குதிக்க ஆரம்பித்தது. ராயின் முகம் பட்டாணி மசியல் நிறத்துக்குப் போயிற்று. அவர் அந்தப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் இந்தப் பக்கம் — சே, எழுதவே கூசுகிறது. அதற்கு நடுவிலும், "மன்னிச்சுக்கோங்க, மிஸஸ் சக்டன்." "இல்ல இல்ல, நீங்கதான் என்னை மன்னிக்கணும்."

படகுக்காரனுக்கு ஒரே குஷி. "துறைமுகத்தை விட்டு இப்பதான் வெளிய வந்திருக்கோம், செல்லம்! இன்னும் அரை மணி நேரம் இருக்கு!"

கரையேறிய பிறகு மீன் வறுவல் வாசனையே ஆகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வெறும் டீ குடித்தோம்.

"உங்களுக்குப் படகுன்னா இவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

"எனக்கா? சின்ன வயசுலேருந்தே ஆகாது. நீங்க ஆசைப்பட்டீங்களேன்னுதான்…"

"நானா? உங்களுக்காகல்ல ஏறினேன்!"

சிரித்தோம். சிரித்த சிரிப்பில் டீ பாவாடையெல்லாம் சிந்திவிட்டது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மரியாதைக்காகக் குடலைக் கக்குகிற மனுஷன், மரியாதைக்காக வேறென்ன சொல்லமாட்டார்? அன்னிக்கு "நல்லதுதானே"ன்னு சொன்னாரே — அதுவும் இந்தப் படகு மாதிரிதானா? கேக்கலாமா? கேட்டு, "ஆமா, போயிட்டு வாங்க"ன்னுட்டா? கேட்டேவிட்டேன்.

"நான் பிரிஸ்டல் போறதுல உங்களுக்கு நிஜமாவே சந்தோஷமா?"

கப்பைக் கீழே வைத்தார். இரண்டு காதும் சிவந்துவிட்டன.

"இல்ல, எனிட். கொஞ்சங்கூட இல்ல."

ஒன்பது வருடத்தில் இன்றுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது!

மே 19, ஞாயிறு

வரவில்லை என்று ஹேசலிடம் சொல்லியாயிற்று. "என்னம்மா திடீர்னு?" என்றாள். கடல் காற்று பட்டதில் தெம்பு வந்துவிட்டது என்றேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஹேசல் விடியலிலேயே காரை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பத்து மணிக்கு வந்து நின்றாள். சமையலறையை எட்டிப் பார்த்தவள் என்னை ஓரமாக இழுத்துக் கிசுகிசுத்தாள்.

"அம்மா, மிஸ்டர் ஹெப்வொர்த் ஏன் வீட்டுச் செருப்போட நம்ம அடுப்படியில நிக்கிறார்?"

"டீ போடறதுக்கு" என்றேன். "உனக்கு வேணும்னா வேணும்னு சொல்லு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு."