கைப்பையில் ஏறாத கொத்துக்கரண்டி

பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். மருந்துக்கடை அக்காவை இதை இரண்டு முறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். கைப்பை ஒன்றுதான், ஏழு கிலோ. பெரிய பெட்டி போட்டால் விமானம் மாறும் இடத்தில் நீங்களே தேடி எடுத்து மறுபடி போட வேண்டும். அங்கே எல்லாமே எழுத்தைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு வையுங்கள். முட்டித் தைலம் சின்னக் குப்பியில் இருக்கட்டும். பெரிய குப்பி என்றால், அடியில் துளி இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். கத்தி, கத்தரிக்கோல், நீளமான வேலைச்சாமான் எதுவும் கூடாது. குளியலறையில் தண்ணீர் தேங்குகிறது என்று நான் சொன்னதற்காக எதையாவது மூட்டை கட்டாதீர்கள்.

உங்கள் மகள்

பிப்ரவரி 15

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல மருந்துக்கடைப் பொண்ணு எழுதுவது. சுகம்தான். முட்டி மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நீ எழுதியது மொத்தமும் மனப்பாடம் ஆகிவிட்டது, கேட்டால் ஒப்பிப்பேன்.

ஆனால் கொத்துக்கரண்டி இல்லாமல் வர எனக்குச் சரிப்படாது. நாற்பத்திரண்டு வருஷமாகக் கொத்தனாராக நான் அடுத்தவர் வீட்டுப் படி ஏறியதெல்லாம் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான். உன் கல்யாணத்துக்கு வராதவன் நான். உன் வீட்டுக்காரர் முன்னால் வெறும் ஆளாக உட்கார்ந்து காப்பி குடிக்க எனக்கு முகம் ஏது? தரையைப் பெயர்த்து, தண்ணீர் ஓட வாட்டம் சரிசெய்தால் மூன்று நாள் ஓடிவிடும். பேச்சு அதற்குள் தானாக வரும்.

இதையெல்லாமா எழுதுவது என்று இந்தப் பொண்ணு கேட்கிறது. எழுது என்றேன்.

அப்பா

பிப்ரவரி 26

அப்பா,

அடுத்தவர் வீடு என்று சொல்லியிருக்கிறீர்கள். இங்கே ஒரு போன் போட்டால் கொத்தனார் வந்துவிடுவார். அப்பா வரத்தான் ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது. கரண்டி இல்லாமல் முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. கல்யாணத்தன்று நின்றதுபோல இன்னொரு முறை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

மகள்

மே 9

அன்பு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும்,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். குளியலறையில் தண்ணீர் இப்போது ஓடுகிறதா? நான் ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் வேலை பார்த்தேன், மாப்பிள்ளை கையால் பார்த்தார். மூலையில் சிமென்ட் கலவை கொஞ்சம் நீர்த்துவிட்டது. நேரில் சொன்னால் வருத்தப்படுவார் என்று விட்டுவிட்டேன்.

உன்னிடமும் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நீளமான சாமான் கூடாது என்றாய் அல்லவா, அதனால் கரண்டியின் மரப்பிடியைக் கழற்றிவிட்டு, தகட்டை மட்டும் துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். விமான நிலையத்தில் சோதனை செய்கிறவர் அதை எடுத்து முனையைத் தடவிப் பார்த்தார்.

“பெரியவரே, இது பிளேன்ல போகாது. இத விட்டுட்டுப் போறீங்களா, இல்ல இதோட வீட்டுக்குத் திரும்புறீங்களா?”

நின்றேன். பின்னால் இருந்தவர்கள் முனக ஆரம்பித்தார்கள்.

உன் கல்யாணத்தன்றும் நான் கிளம்பினேன், உனக்குத் தெரியாது. ஆறேகால் வண்டி. துவைக்காத புதுச் சட்டை, கழுத்தை அறுத்தது. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. ஏறுகிறீர்களா இல்லையா என்று கண்டக்டர் இரண்டு முறை கேட்டார். கையில் கரண்டி இல்லாமல் ஏற மனம் வரவில்லை, வண்டி போகும்வரை படிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

சோதனைக்காரரிடம் சொன்னேன்: “விட்டுட்டே போறேம்பா. எம் பொண்ணு வாசல்ல நிக்கும்.”

அப்பா