காலை எடுக்காத!

மதராஸில் இருக்கும் என்னவருக்கு,

உங்கள் அப்பா என்னோடு பேசிவிட்டார்!

காலையில் மாமா காரை எடுத்தால், பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறது. நாலைந்து தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது. குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டதாம். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி மூட வேண்டும். தீபாவளி சீசன், ஆளெல்லாம் பட்டாசுக் கம்பெனியில். அத்தைக்குக் கால் எட்டவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன்.

நாம் சர்ச்சில் மாலை மாற்றியதிலிருந்து என்னிடம் நேரே பேசாத வழக்கப்படி, "அவளை விடாம மிதிச்சுப் பிடிக்கச் சொல்லு" என்று அத்தையிடம்தான் சொன்னார். அத்தை சொல்லி எனக்கு வந்து சேர்வதற்குள் காரியம் கெட்டது. அவர் திருகை மூடுமுன்பே காலை எடுத்துவிட்டேன். போன காற்று திரும்ப உள்ளே வந்துவிட்டது. மறுபடியும் அதே கதை.

அடுத்த முறை காருக்கடியிலிருந்து கத்தினார்: "காலை எடுக்காத தாயீ!"

தாயீ என்றார்! அப்புறம் "மிதி", "பிடி", "விடு" எல்லாம் நேரே எனக்குத்தான்.

நாலாவது சக்கரமும் முடிந்தது. பெடல் கல் மாதிரி நின்றது.

"இப்ப எப்படி இருக்கு தாயீ?"

"இன்னும் லேசா அமுங்குது மாமா" என்றேன்.

நம் வீட்டிலிருந்து,
உங்களவள்