பெரியவர் காதுக்கு ஏற்ற ஸ்விங்

ஜூலை 7, திங்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று பிற்பகல் முடிவு எட்டப்பட்டது: எங்கள் பள்ளியின் ஜாஸ் குழு தன் முதல் பாட்டாக பி-பிளாட்டில் ஒரு ப்ளூஸ் வாசிக்கும். ஆலோசனையில் கலந்துகொண்டவர்கள்: நான். மாற்றுக் கருத்து தெரிவித்தவர்கள்: நான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிறகு ஸ்டாஃப் ரூமில் ஆறிப்போன டீயைக் குடித்தேன்.

ஆவடியில் ஒரு பள்ளிக்கு ஜாஸ் எதற்கு என்று யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கேட்டிருப்பேன். பிரின்சிபால் கஸ்தூரி மேடம் எங்கோ ஒரு பெரிய பள்ளியின் விழாவுக்குப் போய்வந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "ஆக்னஸ், நீங்க சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறவங்கதானே? ஜாஸுக்கும் அதே கீபோர்டுதானே?" இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று திருநின்றவூர் போய்ச் சேரும்வரை ரயிலில் யோசித்தேன். கீபோர்டு அதேதான்.

பிள்ளைகள் பன்னிரண்டு பேர். எல்லாரும் குடியரசு தின அணிவகுப்பு பேண்டிலிருந்து வந்தவர்கள். எதை வாசித்தாலும் கால்கள் லெஃப்ட்-ரைட் போடுகின்றன. அகல்யா முதல் டிரம்பெட், நல்ல மூச்சு. மற்ற இரண்டு டிரம்பெட்டும் கொஞ்சம் மேல் சுரத்துக்குப் போனால் முகம் தக்காளி ஆகிவிடுகிறது. ஆகவே எனக்கு வேண்டியது உச்சிக்கு ஏறாத, தனியாக வாசிக்க வேண்டிய இடங்களை எழுதியே கொடுத்துவிட்ட, நாலு பேர் காய்ச்சலில் படுத்தாலும் விழாத அரேஞ்ச்மென்ட். அப்படி இரண்டு கிடைத்தன. ஒன்று மெதுவான ப்ளூஸ். ஒன்று வேகமான ஸ்விங்.

பயிற்சிக்கு மேடம் கொடுத்த இடம் பள்ளிக்குப் பின்னால் உள்ள பழைய நெல் கிடங்கு. துலுக்கானம் குடும்பத்தின் சொத்து. பள்ளி வாடகைக்கு வைத்திருக்கிறது. கிடங்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் வீடு. சுவரை ஒட்டிய கட்டிலில் துலுக்கானம் ஐயாவே படுத்திருக்கிறார். எண்பத்தாறு வயது. பொங்கலிலிருந்து எழவில்லை. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அகல்யா அவருடைய பேத்தி.

ப்ளூஸ் என்பது பன்னிரண்டு தாள அளவுகளில் மடித்துவைத்த அழுகை. அதைக் கொண்டுபோய் சாகக் கிடக்கும் ஒருவரின் தலைமாட்டில் வாசிக்கவா?

ஜூலை 9, புதன்

தூக்கமில்லை. முடிவை மாற்றிவிட்டேன். முதலில் ஸ்விங். ஸ்விங் சந்தோஷமான சங்கதி. அதைக் கேட்டு யாரும் சாவை நினைத்ததில்லை.

பிள்ளைகளுக்கு விளக்கினேன்: சமமாக எழுதியிருக்கும் இரண்டு சுரங்களை நீளம், குட்டை என்று வாசிக்க வேண்டும். செருப்பு வார் அறுந்தவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற நடை. டிரம்ஸ் வாசிக்கும் அப்துல் ரசாக் உடனே பிடித்துக்கொண்டான். "இது எங்க ஏரியா பீட்டு மிஸ்" என்றான். எந்த ஏரியா என்று கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

இப்போதுதான் வீடு வந்து கதவைத் தாழிட்டேன்.

ஸ்விங்கை முழு வேகத்தில் முதல் தடவையாக வாசித்தோம். நன்றாகவே வந்தது. பத்து நிமிடம் இருக்கும். கிடங்கு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் ரோஜா மாலை.

"பெரியவரு எப்போ போனாரு?"

யார், எங்கே போனார் என்று கேட்டேன். நான் துக்கத்தில் குழம்பிப்போயிருக்கிறேன் என்று நினைத்து அந்த மனிதர் என்னைப் பரிவோடு பார்த்தார். அதற்குள் துலுக்கானத்தின் மூத்த மகன் உத்தமன் வந்துவிட்டார். அகல்யாவின் அப்பா. தண்ணீர் லாரி வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் கவுன்சிலர். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இன்னா மிஸ்ஸு இது? எங்க நைனா இன்னும் உசுரோட கீறாரு. அதுக்குள்ள அவரு காதாண்டயே சாவு பேண்டு ஒத்திகையா?"

"சார், இது ஸ்விங். ரொம்ப சந்தோஷமான பாட்டு—"

"சாவுன்னா பின்ன அழுதுகினா போவாங்க? ஆடிகினுதான் போவாங்க. எந்த ஊரு மிஸ் நீங்க?"

நாகர்கோவில் என்றேன். அதுதான் காரணம் என்பதுபோலத் தலையாட்டினார். போகும்போது நிதானமாக ஒரு வாக்கியம் சொன்னார்: "நைனாக்கு எதுனா ஆச்சுன்னா உங்க பேண்டுதான் பொறுப்பு. நல்லா கேட்டுக்கோங்க."

மாலை கொண்டுவந்தவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் எங்கள் நோட்டேஷன் ஸ்டாண்டில் தொங்கவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 12, சனி

அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நிஜமாகவே ஆகிவிட்டால்? நான் என்ன சொல்வேன் — டெம்போ கொஞ்சம் கூடிப்போச்சு என்றா?

ஜூலை 14, திங்கள்

அகல்யாவைத் தனியாகக் கூப்பிட்டு தாத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அன்னைக்கு நம்ம பாட்டு கேட்டதும் கண்ண தொறந்துட்டாரு மிஸ். 'நான் செத்துட்டனாடா'ன்னு கேட்டாரு. இல்லன்னு அப்பா சொன்னாரு. தாத்தா நம்பல."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிட மாட்டேன்ட்டாரு. செத்தவனுக்கு எதுக்கு சோறுன்னாரு. நைட்டு பசிச்சதும் நம்பிட்டாரு."

அவள் சிரித்தாள்.

ஜூலை 17, வியாழன். ஆடி முதல் தேதி

ஸ்விங்கை மூடி வைத்துவிட்டு ப்ளூஸ் எடுத்தோம். முடிந்த அளவு மெதுவாக, டிரம்பெட் வாயில் துணி திணித்து. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தடவை சுவரைப் பார்த்துக்கொண்டேன். நான் பிடித்த தாளத்தை ஒருவனும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

யாரும் வரவில்லை. மாலை இல்லை. உத்தமன் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த மௌனம் எப்படிப்பட்ட மௌனம் என்று தெரியாமல் கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

அகல்யா சொன்னது. தாத்தா ப்ளூஸ் கேட்டதும் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாராம். "எவன்டா போனான்? சர்ச்சுக்காரனா?" மெதுவான பேண்டு என்றால் அவருக்குக் கிறிஸ்தவ சாவு. அதாவது தன்னுடையது அல்ல. யாரோ ஒருவன் தனக்கு முன்னால் முந்திக்கொண்டான் என்ற திருப்தியில் ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடித்து, இன்னொரு டம்ளரும் கேட்டாராம்.

சாகக் கிடக்கும் மனிதருக்கு எந்த இசை உகந்தது என்று படித்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அடுத்தவன் சாவு என்று ஒருவரும் எழுதவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

தினமும் ப்ளூஸ். தினமும் ஆவடியில் ஒரு கிறிஸ்தவர் சாகிறார். என் சமூகத்துக்கு நான் செய்யும் சேவை இது. பெரியவர் நேற்று இட்லி சாப்பிட்டிருக்கிறார். உத்தமன் என்னைப் பார்த்ததும் லாரியை நிறுத்தி, "மெதுவாவே போங்க மிஸ்ஸு" என்றார். சாலையைப் பற்றி அல்ல.

ஜூலை 24, வியாழன்

புதிய பயம் ஒன்று வந்து சேர்ந்தது. பழையது போய்விட்டுப் புதியது வந்திருக்கலாம். இரண்டும் ஒன்றாகத் தங்கியிருக்கின்றன.

துலுக்கானத்தின் இளைய மகன் சின்னசாமி வந்தார். அண்ணனைப்போல் இல்லை, மிக மரியாதையான மனிதர். கிடங்கை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். பிறகு என் அருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சிஸ்டர், அந்த ஸ்பீடு பாட்டு ஒண்ணு வெச்சிருந்தீங்களே. ஏன் நிறுத்திட்டீங்க?"

"உங்க அண்ணன் வேண்டாம்னாரு."

"அவன் வேணான்னுதான் சொல்லுவான். அத கேட்ட அன்னிக்கி நைனா எங்கள கூப்ட்டு, 'சீக்கிரம் பாகம் பிரிச்சிக்குங்கடா'ன்னாரு. பத்து வருசமா நானு கெஞ்சிகினு கீறேன், ஒரு நாளும் வாயத் தொறக்கல. இப்போ நீங்க சர்ச்சு பாட்டு வாசிச்சி வாசிச்சி அவருக்குத் தெம்பு வந்துட்ச்சி. எவனுக்கும் ஒண்ணும் இல்லன்றாரு."

நான் நோட்டேஷன் தாள்களை அடுக்கினேன்.

"ஒரே ஒரு தபா சிஸ்டர். பசங்களுக்கு ஜூஸு நான் வாங்கித் தரேன்."

ஒருவர் வேகமாக வாசித்தால் நான்தான் பொறுப்பு என்கிறார். இன்னொருவர் மெதுவாக வாசிப்பதற்கு நான்தான் பொறுப்பு என்கிறார். எந்த அரேஞ்ச்மென்டின் முதல் பக்கத்திலும் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை. எளிது, நடுத்தரம், கடினம் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

ஜூலை 25, வெள்ளி

மேடம் கூப்பிட்டார். ஆகஸ்ட் கடைசியில் பள்ளிகளுக்கான போட்டி. இரண்டு பாட்டு. ஒன்று கட்டாயம் ஸ்விங். நான் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆக்னஸ், ஸ்டூடன்ட்ஸ் ஃபியூச்சர்."

பெரியவருக்கு ஃபியூச்சர் இல்லை என்பது எல்லோருக்கும் தீர்மானமாகிவிட்டதுபோல.

ஜூலை 28, திங்கள்

சாவு போல் கேட்காத ஸ்விங் எது? பேஸ் டிரம்மை எடுத்துவிட்டுப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்தேன், கொஞ்சம் குறைத்தால் கல்யாண ரிசப்ஷன், இன்னும் குறைத்தால் லெஃப்ட்-ரைட் வந்துவிடுகிறது. ரசாக் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மிஸ், ஸ்விங்னா ஸ்விங்கு. பயந்துகினே ஸ்விங் பண்ண முடியாது."

பிறகு வழி கிடைத்தது. ஆடி மாதம். தெருமுனை அம்மன் கோவிலில் மைக் செட். அது ஓடும்போது நான் என் பெயரைச் சொன்னால் எனக்கே கேட்பதில்லை. மைக் ஓடினால் ஸ்விங், நின்றால் ப்ளூஸ்.

ஜூலை 30, புதன்

மைக் ஓடியது. ஸ்விங். யாருக்கும் கேட்கவில்லை, எங்களுக்கும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தத்தான் பார்த்தேன்.

கூழ் ஊற்றும் நாள். மைக் பிளந்துகொண்டிருந்தது. ஸ்விங்கைத் தொடங்கினோம், முழு வேகம், பேஸ் டிரம்மும் சேர்த்து. இரண்டாம் பக்கத்தில் கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க ஒரு நொடியில் ஊமை. எங்களைத் தவிர.

கையைத் தூக்கினேன். இன்னும் சத்தமாக என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அகல்யா எழுந்து நின்று வாசித்தாள். ஒருவன் கால்கூட லெஃப்ட்-ரைட் போடவில்லை. இந்தப் பிள்ளைகள் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் கேட்டார்கள். கேட்டதும் அந்த நொண்டி நடை தானாக வந்தது. ஐயோ, எவ்வளவு நன்றாக இருந்தது. நான் போய் ரசாக்கின் கையைப் பிடித்திருக்க வேண்டும். நாலு எட்டுத்தான். போகவில்லை. ஏன் போகவில்லை?

முடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். "உத்தமா! சின்னசாமி! டேய்!" பிறகு பெண்கள் ஓடும் சத்தம். ஏதோ பாத்திரம் விழுந்தது.

அகல்யா டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். நான் பின்வாசல் வழியாக ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ஆகஸ்ட் 2, சனி

போன் அணைத்து வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனையில் நான் வாசிக்க வேண்டிய முறை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பாஸ்டர் அம்மா வந்து ஜுரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். இல்லை. கை மட்டும் ஐஸ்.

போலீஸ் வந்தால் என்ன எழுதுவார்கள்? ஆயுதம் என்ற இடத்தில் என்ன போடுவார்கள்?

ஆகஸ்ட் 4, திங்கள்

போகாமலிருக்க முடியுமா? போனேன். துலுக்கானம் வீட்டு வாசலில் வெள்ளைக் கார். செருப்புகள், நிறைய. ஷாமியானா இல்லை. இன்னும் போடவில்லை என்று நினைத்தேன். ஃபைல் கட்டோடு ஒருவர் காரிலிருந்து இறங்கி உள்ளே போனார். டாக்டர் இவ்வளவு பேப்பர் எதற்குக் கொண்டுவருகிறார் — இறப்புச் சான்றிதழ்தான் என்று முடிவு செய்து, பள்ளிக் கேட்டுக்குள் நுழைந்து, அசெம்பிளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அகல்யா பள்ளிக்கு வந்திருந்தாள். சீருடையில். சாவு வீட்டுப் பிள்ளை சீருடையில் வருமா?

"தாத்தா—" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"நல்லா கீறாரு மிஸ். ரிஜிஸ்டிரார் ஊட்டுக்கே வந்துகீறாரு, பாகப் பத்திரத்துல கையெழுத்து வாங்க. ஆடியில பத்திரம் எழுதக்கூடாதுன்னு அப்பா எவ்ளோ சொன்னாரு. 'என் பேண்டு ரெண்டு வாட்டி வந்துட்ச்சிடா, மூணாவது வாட்டி என்னத் தூக்காம போவாது'ன்னு தாத்தா ஒரே புடியா நின்னுட்டாரு."

அங்கேயே, மணலில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று பிள்ளைகள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

உத்தமன் லாரியை நிறுத்தினார். "உங்க மேல தப்பில்ல மிஸ்ஸு" என்று மட்டும் சொன்னார். முன்பக்க வீடு அவருக்கு. பெரியவர் இன்று வாசல்வரை நடந்து, தெருவில் போகிறவர்களிடம் யார் யார் செத்தார்கள் என்று விசாரித்தாராம்.

சின்னசாமி பிள்ளைகளுக்கு ஜூஸ் அனுப்பினார். பன்னிரண்டு, எனக்கும் ஒன்று. கிடங்கு நிற்கும் பின்பக்க இடம் அவருக்கு. கார் கழுவும் சர்வீஸ் வைக்கிறார். கிடங்கை இடிக்க வெள்ளிக்கிழமை பொக்லைன் வருகிறது.