பேக்கிங் பிரிவின் நாற்காலிகள்

மார்ச் 3

மாத்திரை பேக்கிங் பிரிவிலிருந்து நாற்காலிகளையெல்லாம் எடுத்துவிட வேண்டுமாம். கடலுக்கு அப்பால் இருக்கும் எங்கள் கம்பெனியின் இன்னொரு ஆலையில் எல்லோரும் நின்றுகொண்டேதான் வேலை செய்கிறார்களாம். "அங்க ஒருத்தர்கூட முணுமுணுக்கலை. நம்ம ஆளுங்கதான் சோம்பேறிங்க. நீங்க ஹெச்.ஆர். ஆச்சே, பக்குவமா சொல்லுங்க" என்றார் மேலாளர்.

பக்குவமாம், பக்குவம்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டத்தான் எனக்குச் சம்பளம்.

மார்ச் 4

உத்தரவை டைப் செய்து ஒட்டினேன். சாயங்காலம் நாற்காலிகள் கிடங்குக்குப் போயின. தம்பி மனைவியும் அந்தப் பிரிவில்தான். மாசமாக இருக்கிறாள். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மார்ச் 9

மேலாளர் நாடு நாடாக ஒப்பிட்டுத் திரையில் படம் காட்டினார். ஒரு நாட்டில் சங்கமே கிடையாது. அருமையாம். இன்னொன்றில் வேலை நேரம் அதிகம். மூன்றாவதில் நினைத்தபோது ஆளை நிறுத்தலாம். பிள்ளை பெற்றவளுக்கு நீண்ட விடுப்பு கொடுக்கும் நாடும், தொழிலாளியைக் கேட்காமல் ஒரு ஸ்டூலைக்கூட நகர்த்த முடியாத நாடும் எங்கே போயின? கடலில் மூழ்கிவிட்டனவா? சந்தைக்குப் போய்ச் சொத்தைக் கத்திரிக்காயாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருகிறவரை இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 12

தம்பி மனைவியின் கால் வீங்கிச் செருப்பே நுழையவில்லை. இப்படியே நின்றால் குழந்தைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள். அவளுக்கும் அது தெரியும்.

"உங்க மேல கோபமில்லை அண்ணி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த உத்தரவ எதுல உக்காந்து டைப் பண்ணீங்க?"

சுருக்கென்றது.

மார்ச் 13

அவளுக்கு மட்டுமாவது ஒரு நாற்காலி கொடுக்கச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன். "ஒருத்தருக்குக் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் மாசமாயிடுவாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். சிரிக்கிறான்! மனுஷனா இவன்? இவங்க அம்மா இவனை நின்னுக்கிட்டேவா பெத்தா?

மார்ச் 17

முணுமுணுப்பு அடங்கவில்லை. "கண்ணாலயே பார்க்கட்டும்" என்கிறார் மேலாளர். நாளைக்குச் சாப்பாட்டுக்கூடத்தில் பெரிய திரை வைத்து அந்த ஆலையை நேரலையில் காட்டப்போகிறாராம். அவர்கள் மொழி இங்கே எனக்குத்தான் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பது நான்.

மார்ச் 18

திரையில் அவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். மேலாளர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. அந்த நேரம் பார்த்து அங்கே ஒரு மணி அடித்தது. நின்றவர்கள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வேலைக்கு வந்தார்கள். முறை வைத்து மாறுகிறார்கள்! இந்தப் பாதியை எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள்.

அந்த ஆலையின் தொழிற்சங்கத்துக்காரி ஒருத்தி திரைக்கு அருகே வந்து ஏதோ கேட்டாள். மேலாளர் என் காதோரம், "சௌக்கியமான்னு கேக்கறாங்கன்னு சொல்லி முடிச்சிடுங்க" என்றார்.

முடிக்கவில்லை. அவள் கேட்டதை அப்படியே உரக்கச் சொன்னேன். "எங்க ஸ்டூலையும் எடுக்கப் போறாங்களாம். உங்க ஊர்ல நாள் பூரா நின்னுதான் வேலை செய்யறீங்களாம், ஒருத்தர்கூட முணுமுணுக்கலையாம். நிஜமா?"

தம்பி மனைவிதான் முதலில் எழுந்தாள். "பொய்னு சொல்லுங்க அண்ணி. உங்களக் காட்டித்தான் எங்க நாற்காலியப் பிடுங்கினாங்கன்னு சொல்லுங்க."

சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். மேலாளர் ஒயரைப் பிடுங்குவதற்குள், இந்தப் பக்கம் எல்லோரும் கிடங்குக்கு நடந்துவிட்டார்கள். ஆளுக்கொரு நாற்காலியோடு திரும்பினார்கள். தடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மார்ச் 20

"மொழிபெயர்க்கச் சொன்னா மூக்கை நுழைக்கிறீங்களா?" என்று மேலாளர் கத்தினார். என்னை வேலையை விட்டு அனுப்பினால் அந்த ஆலையின் சங்கத்துக்காரி சும்மா விட மாட்டாள் என்று பயம். பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். போகட்டும்.

மார்ச் 23

பேக்கிங்கில் முதல் நாள். காலையிலிருந்து மாத்திரை அட்டைகளைப் பாழாக்கிக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அண்ணி."