மில்லர்புரத்துக்காரன்

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் கல்லூரி நம் ஊரைத் தத்து எடுத்திருக்கிறதாம். முகாம் போட்டுத் தெருவில் சாக்கடை வெட்டினீர்கள். தண்ணீர் இப்போது தேங்காமல் ஓடுகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். உன்னோடு வந்த பிள்ளைகள் நம் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார்கள். குடித்துவிட்டு, "இன்னொரு செம்பு தாங்கக்கா" என்றார்கள். நீ மட்டும் தள்ளி நின்று மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

கடலிலிருந்து வந்த அப்பா உன்னைப் பார்த்ததும், எப்போதும் போல உன் நெற்றியில் சிலுவை போடப் பெருவிரலை நீட்டினார். நீ பின்வாங்கினாய். நீட்டிய கையால் அவர் தன் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு அவரே கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?"

டவுன்காரன் போல, "மில்லர்புரம்" என்றாய்.

ஏலே, பெற்ற தகப்பனிடமா? அவர் முகத்துக்காகத் தெருவே உன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது. உனக்கென்று பொரித்த மீனை அம்மா மூடி வைத்துவிட்டாள்.

நீங்கள் போனபின் நான் கத்தித் தீர்த்தேன். அப்பாவோ, "சத்தம் போடாதளா. கூடப் படிக்கிற பயலுவ முன்னால அவனுக்குக் கூச்சமா இருக்கும்லா" என்கிறார்.

அடுத்த முகாமுக்கும் இங்கேதான் வருகிறீர்களாம். வா. தனியாக ஒளிந்து வந்து மன்னிப்புக் கேட்காதே. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, அப்பா முன்னால் முழங்கால் போட்டு நெற்றியைக் காட்டு.

அதுவரை,
உன் கூட்டாளிகளுக்கு மட்டும்
அக்கா