வயது ஏறாத பையன்

12 ஆகஸ்ட் 1986

காஜாங்கில் கல்யாண விருந்து. மேடையேறி மைக்கைப் பிடித்தேன், ஷாக் அடித்தது. துள்ளி விழுந்தேன். கூட்டம் கைதட்டியது. பின்வரிசையில் ஒருவர், "ஒன்ஸ் மோர் லா!" என்று கத்தினார். அதற்குப் பிறகு தொண்டை வறள நான் பேசியதற்கெல்லாம் அந்தச் சிரிப்பில் பாதிகூட வரவில்லை. மலேசியாவின் தலைசிறந்த தமிழ் நகைச்சுவையாளர் கரண்டுதான். மாரிஸாகிய நான் இரண்டாம் இடம்.

வீட்டில் சொன்னேன். சாந்தமேரி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வாட்டியும் அதே மைக்கையே கேட்டு வாங்குங்க." கட்டிய மனைவி பேசுகிற பேச்சா இது!

14 ஆகஸ்ட்

ரயில்வே ஆபீசுக்குக் கிளம்புமுன் தினமும் வானொலியின் பிறந்தநாள் வாழ்த்து கேட்பது என் மேடைத் தொழிலுக்கு நல்லது. ஒரு குழந்தைக்கு வாழ்த்துச் சொல்ல ஊரே வரும். அப்பா, அம்மா, தாத்தா, பெரியம்மா, சின்ன மாமா, தைப்பிங் அத்தை, பக்கத்து வீட்டு ஆன்டி. ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டில் சண்டை என்று அர்த்தம். விட்டுப்போனவர் அடுத்த தீபாவளிக்கு முறுக்கு கொடுத்து அனுப்ப மாட்டார்.

இன்று ஒரு விசேஷம். கிள்ளான் செல்வன் தியாகராஜனுக்கு ஆறாவது பிறந்தநாள். அப்பா பக்கிரிசாமி, அம்மா விசாலம், மாமா, அத்தை, பெரியப்பா என்று பட்டியல் நீண்டது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். போன வருஷமும் இதே பையன்! போன வருஷமும் ஆறு! அதற்கு முந்தின வருஷமும் ஆறுதான். நாளை மாதா திருநாள், அதனால் தேதி நன்றாக ஞாபகம் இருக்கிறது. பழைய அட்டையையே பார்த்துக் காப்பியடித்து வானொலிக்கு அனுப்புகிறார்கள் போல. சோம்பேறிக் குடும்பம்.

விழுந்து விழுந்து சிரித்தேன். இதை விடக்கூடாது.

7 செப்டம்பர்

நேற்று கிள்ளானில் ஒரு கல்யாணம். என்ன ஒரு கூட்டம்! வானொலிக் குரலில் வாழ்த்தை எடுத்துவிட்டேன். பெயரை மாற்றவில்லை. நிஜப் பெயருக்குத்தான் ருசி, அதுவும் அவர்கள் ஊரிலேயே. "மூணு வருசமா இந்தப் பையனுக்கு ஆறு வயசு! வயசே ஏற மாட்டேங்குது! ஸ்கூல் யூனிபார்ம் மிச்சம், பென்சில் மிச்சம்! பெத்தவங்களே, பிள்ளைய ஐஸ்பெட்டியிலயா வச்சிருக்கீங்க?"

மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். மாப்பிள்ளைக்குப் புரையேறியது.

முன்மேசைக் குடும்பம் ஒன்று மட்டும் பாதியில் எழுந்து போனது. பிரியாணி வருவதற்குமுன் கிளம்புகிற தமிழனை நேற்றுத்தான் பார்க்கிறேன். சும்மா விடுவேனா? "என்ன அண்ணே அவசரம்? வீட்ல பையனுக்கு பர்த்டேயா?" என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

23 செப்டம்பர்

சௌண்ட் போட்டவன் அன்று கிள்ளானிலேயே பதிவு செய்திருக்கிறான்! மினி பஸ்ஸில் என் குரல். பிரிக்ஃபீல்ட்ஸ் கேசட் கடை ராதாகிருஷ்ணன் கூப்பிட்டனுப்பினார். "திருட்டு கேசட்டே இப்படி ஓடுதுன்னா நாம ஒழுங்கா போட்டா என்னாகும்? 'வயசு ஏறாத பையன்'னே பேர் வைப்போம். அட்டையில உங்க மூஞ்சி." இத்தனை வருஷம் கல்யாணத்துக்குக் கல்யாணம் சாம்பார் வாசனையில் கத்தியதற்கு என் பெயரில் ஒரு கேசட். சாந்தமேரியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

28 செப்டம்பர்

மாதா கோயிலில் பூசை முடிந்து கிள்ளானுக்குப் போனோம், சாந்தமேரியின் அக்கா மகதலேனா வீட்டுக்கு. அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் சொன்னார்.

"அன்னைக்கு எழுந்து போனாங்களே, அது பக்கிரிசாமி அண்ணனும் விசாலமும். எங்க லைன்லதான் வீடு. அந்தப் பையன் செத்துப் போச்சு, மாரிஸ். ஆறு வயசு முடிஞ்ச கையோட டெங்கி காய்ச்சல். மூணு வருசம் ஆவுது. விசாலம்தான் வருசா வருசம் ரேடியோவுக்கு அட்டை போடும். நாங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்."

29 செப்டம்பர்

ஐஸ்பெட்டி. ஐயோ — ஐஸ்பெட்டின்னு சொன்னேனே.

1 அக்டோபர்

எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். வானொலிக்காரருக்கே தெரியவில்லை. ஆனால் முதுகைக் காட்டிப் போனவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேனே, அதை யார் சொல்லச் சொன்னது? ஒருவர் எழுந்து போனால் ஏன் போகிறார் என்று நினைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட இல்லையா?

வீடியோ கேசட்டில் கதாநாயகி இருமினால் எங்கள் அடுக்குமாடியில் மாடி முழுக்க அழுகிறார்கள். நானும் அழுவேன். நிஜத்தில் ஒரு தாய் கண்ணெதிரே இருந்தாள், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

5 அக்டோபர்

இதை எழுதவே கை கூசுகிறது. நேற்று பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனி விருந்து. அதைப் பேசக் கூடாது என்று முடிவு செய்துதான் போனேன். மற்றதெல்லாம் பேசினேன். ஒன்றும் எடுபடவில்லை. மேசைகளில் அவரவர் பேச்சு, ஸ்பூன் சத்தம். பின்னால் இருந்து ஒருவர், "அண்ணே, வயசு ஏறாத பையன்!" என்றார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

பேசினேன்.

பெயரை மாற்றினேன், ஊரைக் காஜாங் ஆக்கினேன். அதில் என்ன இருக்கிறது? தெரியாமல் செய்தது ஒரு தடவை. தெரிந்தே செய்தது நேற்று. சிரிப்பு வந்தபோது எனக்கு உள்ளே குளிர்ந்ததும் உண்மை. த்தூ.

6 அக்டோபர்

சாந்தமேரியிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. "முந்தாநாள் அத பேசுனீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தலை குனிந்தேன். சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

9 நவம்பர்

அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். மகதலேனா அக்கா வாசல்வரை கூட வந்தார்.

பக்கிரிசாமி அண்ணன் லோரி கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருக்கலாம். "உள்ள வாங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனப்பாடம் செய்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வாயை வைத்துப் பிழைக்கிறவன். "மன்னிச்சிருங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன், அதுவும் பாதி விழுங்கி.

விசாலம் அக்கா மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். "மொதல்ல நானும் சிரிச்சேன் தம்பி. நீங்க சொந்தக்காரங்க பேர அடுக்கினப்போ எல்லாரோடயும் சேந்து நல்லா சிரிச்சேன். அப்புறம்தான் எங்க பேரு வந்துச்சு."

அக்கா எதிரில் உட்கார்ந்தார்.

"ஏழுன்னு போடத்தான் பாத்தேன். கை வரல. ஆறு வயசுல அவன் எப்படி இருந்தான்னு தெரியும். ஏழுல எப்படி இருப்பான்னு எனக்கு என்ன தெரியும்? அதான் ஆறுன்னே போட்டேன். ரேடியோவுல அவன் பேர ஒரு வாட்டி கேட்டா போதும். இத யாரு கவனிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்." கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "இனிமே போட மாட்டேன். ஆளுங்க சிரிப்பாங்க."

போடுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? மைலோவைக் குடித்தேன். அதையும் குடித்தேன், வெட்கம்கெட்டு.

கேட் வரை வந்த அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "கப்பல் போர்ட்ல லோரி டிரைவருங்க அந்த கேசட்டதான் போடுறாங்க. எங்கிட்டயே வந்து சொல்லிச் சிரிக்கிறாங்க. நிறுத்த முடியுமா, தம்பி?"

நிறுத்துகிறேன் என்றேன்.

15 நவம்பர்

ராதாகிருஷ்ணனிடம் கேசட் வேண்டாம் என்றேன். வேண்டுமானால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டுப் போடுங்கள் என்றும் சொன்னேன். "அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? நீங்க தண்ணி குடிக்கிற சத்தமா?" என்றார். சரி, வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். "ஏன்னாச்சும் சொல்லிட்டுப் போங்க!" என்று கத்தினார். சொல்லவில்லை.

22 நவம்பர்

திருட்டு கேசட்டை எங்கே போய் நிறுத்துவது? காப்பிக்குக் காப்பி, அதற்கும் காப்பி. மினி பஸ் டிரைவரிடம் கெஞ்சினேன், இதை மட்டும் மாற்றிப் போடுங்கள் என்று. "உங்க குரல் உங்களுக்கே பிடிக்கலியா, அண்ணே?" பஸ் முழுக்கச் சிரித்தது. காரணம் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார். சொன்னால் என்னை என்ன நினைப்பார்கள் என்று பயம். எல்லா இடத்திலும் கெஞ்சுகிறேன், ஒரு இடத்திலும் காரணம் சொல்வதில்லை.

2 பிப்ரவரி 1987

பத்துமலையில் தைப்பூசக் கடைகளில் விற்கிறார்களாம். ஆபீஸ் நண்பர் சந்தோஷமாக வந்து சொன்னார்.

18 ஏப்ரல்

மேடை ஏறி மாதங்களாகின்றன. கூப்பிட்டால் தொண்டை சரியில்லை என்கிறேன். கீழே காப்பிக்கடையில் என்னைப் பார்த்ததும், "வயசு ஏறிச்சா அண்ணே?" என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சிரித்துவைக்கிறேன்.

13 ஆகஸ்ட்

நாளை. இந்த வருஷம் வராது. என்னால்தான் வராது. வந்துவிட்டால் தேவலை, மாதாவே. ஆறு என்றே வரட்டும். யார் சிரித்தால் என்ன.

14 ஆகஸ்ட் 1987

வானொலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாந்தமேரியும் வேலைக்குக் கிளம்பாமல் வந்து நின்றாள். ஈப்போ, சிரம்பான், தெலுக் இந்தான் என்று யார் யாரோ வந்துகொண்டிருந்தார்கள். முடியப்போகிற நேரத்தில் வந்தது.

"கிள்ளானைச் சேர்ந்த செல்வன் தியாகராஜன் இன்று தமது பத்தாவது பிறந்தநாளைக் கொண்டாடுகிறார்."

பத்து. கணக்குப் பார்த்து, சரியாகப் பத்து.

அப்பா பக்கிரிசாமி, அம்மா விசாலம். அதற்குமேல் எனக்குக் காதில் விழவில்லை. ஏழு என்று எழுதக் கை வராத அம்மா அது. பத்து வயதில் அவன் எப்படி இருப்பான் என்று அந்த அக்காவுக்கு என்ன தெரியும்? நாங்கள் சிரிக்கக் கூடாது என்று, தெரியாத ஒரு பையனுக்கு வாழ்த்து எழுதியிருக்கிறார். சாந்தமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது பக்கத்து வீட்டு ரெங்கசாமி சுவரைத் தட்டினார். அவர் வீட்டிலும் அதே வானொலி. "மாரிஸ்! கேட்டீங்களா? வயசு ஏறிடுச்சு லா! ஒரேயடியா பத்து!" வீட்டோடு சிரித்தார்கள்.

எழுந்து போனேன். கதவைத் திறந்ததும் இன்னும் சிரித்துக்கொண்டே, "வாங்க, வாங்க" என்றார். "அந்தப் பையன் செத்துப் போச்சு அண்ணே. ஆறு வயசுல. எனக்குத் தெரிஞ்சப்புறமும் நான் அத மேடையில பேசினேன்" என்றேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை அவர் வாசலில் நின்று சொன்னேன். ரெங்கசாமி உள்ளே போய் வானொலியை அணைத்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

மேல்மாடியிலும் அதைக் கேட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படியேறினேன்.